ஹீரோயின் தனியா போகணும், ஆனா லூசுப்பொண்ணா தெரியக்கூடாது – என்ன பண்ணலாம்?

நிலாமுற்றம்:
வணக்கம் ஃப்ரெண்ட்ஸ். என் தொடர்ல எபி (எபிசோட்) 14 போட்டதிலிருந்து கமென்ட்ல எல்லாரும் ஹீரோயினைத்தான் திட்டுறாங்க. காரைக்குடியில ஒரு வங்கிக் கிளை. அவ அங்க அசிஸ்டன்ட் மேனேஜர், நகைக்கடன் பார்க்கிறவ. அடகு பாக்கெட்ல நல்ல நகை போய்ப் போலி வந்திருக்குன்னு கண்டுபிடிக்கிறா. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்கிற அதிகாரிதான் ஹீரோ. அவன்மேலயும் அவளுக்குச் சந்தேகம். யாரோ போன் பண்ணி, "உண்மை வேணும்னா ராத்திரி 11 மணிக்குப் பழைய அரிசி மில்லுக்குத் தனியா வா"ங்கிறான். போறா. மயக்க மருந்துக் கைக்குட்டை, மூணு மணி நேரம் மயக்கம். ஹீரோ ஃப்ரெண்டை விட்டு போன் டவரைப் பிடிச்சு வந்து, தோள்ல குண்டு வாங்கி, ஆஸ்பத்திரியில காதலைச் சொல்றான்.

புத்தகமாப் போடும்போது மாத்தலாம்னு இருக்கேன். மில் சீனை எடுக்க மட்டும் மனசு வரல.

தாழ்வாரம்:
மில் இருக்கட்டும் சிஸ். போன் காலை எடுத்துருங்க. வில்லன் கூப்பிட்டு அவ போனா, கதையை ஓட்டுறது வில்லன். அவளே ஒரு கணக்குப் போட்டு மில்லுக்குப் போய், அந்தக் கணக்கு ஒரே ஒரு இடத்துல தப்பினா யாரும் திட்டமாட்டாங்க.

அடுத்தது, வாசகர் மனசுல நாலு கேள்வி வரும்: ஏன் போலீசுக்குப் போகல, ஏன் மேலதிகாரிகிட்ட சொல்லல, வீட்ல ஏன் சொல்லல, ஹீரோகிட்ட ஏன் சொல்லல? நாலுக்கும் பதில் எபி 14க்கு முன்னாடியே, தனித்தனி சீன்ல வந்திருக்கணும். மில் வாசல்ல நின்னுக்கிட்டு "போலீசுக்குப் போனா மானம் போயிடும்"னு அவ நினைக்கிறது பதில் இல்ல, சமாளிப்பு.

வலுவான பதில் உங்க கதையிலேயே இருக்கு. ஸ்ட்ராங் ரூமை ஒருத்தர் தனியா திறக்க முடியாது. ஜாயின்ட் கஸ்டடி; ரெண்டு அதிகாரிகிட்ட ரெண்டு சாவி. ஒரு சாவி ஹீரோயின்கிட்டன்னு வைங்க. நகை மாறியிருந்தா முதல் சந்தேகம் அவமேலதான். புகார் கொடுக்கப் போனவளே குற்றவாளியா நிப்பா. எபி 5ல, தினமும் காலையில ரெண்டு பேரும் சேர்ந்து திறக்கிறதை நாலு வரியில சாதாரணமா காட்டிட்டு விட்டுருங்க. எபி 12ல அது அவ கழுத்தைப் பிடிக்கும்.

அவளுக்கு முன்ஜாக்கிரதையும் கொடுங்க. தங்கச்சிக்கு லொகேஷன் ஷேர், "பதினொன்னரைக்குள்ள நான் கூப்பிடலைன்னா போலீஸ் அவசர எண் 112க்கு அடி"ங்கிற ஏற்பாடு, ஸ்கூட்டியைத் திருப்பி ரோட்டைப் பார்த்து நிறுத்துறது. அதுக்கப்புறம் ஒண்ணைச் சொதப்ப விடுங்க. மில்லுக்குள்ள சிக்னல் இல்லைன்னு வைக்காதீங்க, அது எல்லாக் கதையிலயும் வருது.

உரைகல்:
போலின்னு அவ எப்படிக் கண்டுபிடிச்சா? "பார்த்ததும் ஏதோ உறுத்தியது"ன்னு எழுதியிருந்தா, பிரச்சினை எபி 14 இல்ல, அங்கேயே ஆரம்பிச்சிருச்சு. அவளைத் தன் வேலையில கெட்டிக்காரியா ஒருதரம் பார்த்துட்டா, பின்னாடி அவ எடுக்கிற ரிஸ்க்கை வாசகர் மதிப்பாங்க.

உரைகல்லும் ஆசிடும் மேல்பூச்சைத்தான் சொல்லும். தடிமனா முலாம் பூசின செம்பு வளையல் அதுல தப்பிச்சிரும். அவ இப்படிச் செய்யட்டும்: டிஜிட்டல் தராசுல வளையலை எடை போடுறா, 40 கிராம். அப்புறம் தண்ணி டம்ளரைத் தராசுல வெச்சு, எடையைப் பூஜ்யமாக்கி, வளையலை நூல்ல கட்டி, அடியும் சுவரும் தொடாம முழுசா முக்குறா. 22 கேரட்டா இருந்தா தராசு சுமார் 2.3 கிராம் காட்டும். உள்ள செம்புன்னா, அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கிறதால, 4.4க்குப் பக்கம் போகும். நூலைப் பிடிச்ச விரல் நடுங்க, எண் 4.38ல வந்து நிக்குது. வசனமே தேவையில்ல. ஒண்ணு மட்டும் கவனம்: கெட்டி வளையலா இருக்கணும். அரக்கு அடைச்ச நகையும் கல் வெச்ச நகையும் நல்லதா இருந்தாலும் கணக்கு தப்பும். காற்றுக்குமிழி ஒட்டினாலும் எண் ஏறும். அவ அதை உதறிட்டு ரெண்டாவது தரம் பார்க்கணும். அந்த ரெண்டாவது தரம்தான் அவ குணம்.

கம்பவுண்டர்:
கைக்குட்டை மேட்டர் சினிமா. குளோரோஃபார்ம் ரெண்டு மூச்சுல யாரையும் சாய்க்காது. நிமிஷக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் அவ கடிப்பா, உதைப்பா. தொடர்ந்து பிடிச்சா மூச்சோ இதயமோ நின்னு ஆளே போயிடலாம்.

பதிலுக்குத் தலையில அடின்னு மாத்திடாதீங்க. சில நிமிஷத்துக்கு மேல நினைவு தப்பினாலே அது சீரியஸ் கேஸ். மூணு மணி நேரம்னா ஐசியூ. ஆனா லேசான அடி உங்களுக்கு உதவும்: சில நொடி தடுமாற்றம், வாந்தி, அடிக்கு முன்னாடி நடந்த கொஞ்ச நேரம் ஞாபகத்துல இருக்காது. அடிச்சவன் முகத்தைப் பார்த்திருக்கா, ஆனா சொல்ல முடியல. சஸ்பென்ஸ் இன்னும் பத்து எபி ஓடும். மயக்கமே வேண்டாம்னா போனைப் பிடுங்கிட்டு வெளிய தாழ்ப்பாள் போட்டாப் போதும்.

தோள் பாதுகாப்பான இடம்னு யார் சொன்னதோ! காறை எலும்புக்குப் பின்னாடியே பெரிய ரத்தக்குழாயும் கைக்குப் போற நரம்புக் கொத்தும் ஓடுது. அங்க பட்டா ரத்தம் போயே சாகலாம், பிழைச்சாலும் கை விழுந்துடலாம். மறுநாள் அந்தக் கையால அவளை அணைக்கிறதெல்லாம் நடக்காது. முன்கையில கத்திக் கீறல், ஏழெட்டுத் தையல் – காதலுக்கு அது போதும்.

காக்கிப்பேனா:
ஃப்ரெண்டை விட்டு டவர் எடுக்க முடியாது. போலீசே உயரதிகாரி வழியா கம்பெனிக்கு முறைப்படி எழுதிக் கேட்கணும். கிடைச்சாலும் கிராமப்புறத்துல ஒரு டவர் கிலோமீட்டர் கணக்குல பரப்பைக் காட்டும். மில் வாசலைக் காட்டாது. தங்கச்சி போன்ல இருக்கிற லொகேஷன் ஷேர்தான் நம்பகம். போன் அணைஞ்சாலும் கடைசியா இருந்த இடமும் நேரமும் அதுல நிக்கும்.

"24 மணி நேரம் கழிச்சு வாங்க"ங்கிற வசனம் இருந்தா வெட்டுங்க. காணாமல் போன புகாருக்கு அப்படி ஒரு சட்டமே கிடையாது. "எங்க லிமிட் இல்ல"ன்னும் திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1ல நடைமுறைக்கு வந்த பிஎன்எஸ்எஸ் (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173ஆவது பிரிவுப்படி எந்த ஸ்டேஷன்லயும் புகாரை வாங்கணும். நடப்புல எஃப்ஐஆர் போடாம முதல்ல சிஎஸ்ஆர் ரசீதை (புகார் வந்ததுன்னு மட்டும் பதிஞ்சு தர்ற சீட்டு) கையில கொடுத்து உட்கார வைப்பாங்க, அந்த இழுவையை எழுதுங்க. சாட்சியா விசாரிக்க அவளை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்லதான் கேட்கணும் (179). சந்தேகம் அவமேல திரும்பினா, சூரியன் மறைஞ்சு உதிக்கிறதுக்குள்ள சாதாரணமா கைது செய்யக் கூடாது. விதிவிலக்குன்னா பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட் முன்அனுமதி (43). "விடிஞ்சா கைது"ன்னு அவளுக்குத் தெரிஞ்சா, ராத்திரியே மில்லுக்குப் போறதுக்கு அதைவிட நல்ல காரணம் வேணுமா?

நிலாமுற்றம்:
அய்யோ, அந்தக் கடைசி வரி! அதையே எடுத்துக்கிறேன். சாவி விஷயமும் பிடிச்சிருக்கு. ஹீரோமேல சந்தேகம் எப்பத் தீரணும்?

தாழ்வாரம்:
மில்லுக்கு முன்னாடி தீரக் கூடாது. தீர்ந்தா அவனைக் கூட்டிட்டே போயிருப்பாளே. ஆனா வெறும் சந்தேகம் பத்தாது, அவன் ஒரு பொய் சொல்லி அவ அதைப் பிடிச்சிருக்கணும். இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கையில அவ சரிபார்த்த பாக்கெட் எண்ணை அவன் விட்டிருக்கான், கேட்டா "பார்க்கல"ங்கிறான்னு வைங்க. உண்மையில வில்லன் கண்ணுல அவ படக் கூடாதுன்னு விட்டிருக்கான். அதை அவன் வாயால விளக்க விடாதீங்க. மில்லுக்கப்புறம் முழு அறிக்கை அவ கைக்கு வரட்டும், படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும். ஆஸ்பத்திரிக் காதல் வசனத்தை அடுத்த எபிக்குத் தள்ளுங்க சிஸ், தையல் போட்ட அன்னிக்கு அவனுக்கு வலிதான் இருக்கும்.