ஃபுரோசமைடு போட்ட பிறகு எடுத்த சிறுநீர்: எதை நம்புவது?

காரைக்குடிப் பக்கம் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வியாழக்கிழமை கேஸ் பிரசன்டேஷன். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

நோயாளிக்கு அறுபதைத் தாண்டிய வயது, எடை 60 கிலோ. டைல்ஸ் பட்டறையில் வேலை. இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அதோடு மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் விடாமல் போட்டிருக்கிறார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் முன்பு 1.0 இருந்தது, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது 2.6. சிறுநீர் மணிக்கு 20 மி.லி., அதுவும் 14 மணி நேரமாக. பையின் அடியில் கடுங்காப்பி நிறத்தில் கொஞ்சம்தான் தேங்கி நின்றது. கேடிஐஜிஓ (சர்வதேச சிறுநீரக வழிகாட்டி அமைப்பு) 2012 அளவுகோல்படி திடீர் சிறுநீரகப் பாதிப்பில் இரண்டாம் நிலை என்று குறித்திருக்கிறேன்.

டைக்ளோஃபெனாக்கை நிறுத்தி, இரண்டு லிட்டர் நார்மல் சலைன் ஏற்றினார்கள். பிரஷர் 90/60-லிருந்து 110/70-க்கு வந்தது, சிறுநீர் கூடவில்லை. அப்புறம் சிறுநீரைக் கூட்டும் மருந்தான ஃபுரோசமைடு போட்டார்கள்.

அதற்குப் பிறகு எடுத்த சிறுநீரில் எஃப்இ-சோடியம் (சிறுநீரகம் வடிகட்டும் சோடியத்தில் சிறுநீரில் வெளியேறும் பங்கு) 2.4 சதவீதம். 1-க்குக் கீழ் என்றால் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டக் குறைவு, 2-க்கு மேல் என்றால் சிறுநீரகக் குழாய்ச் சிதைவு என்று பாடத்தில் இருக்கிறது. ஆனால் ஃபுரோசமைடே சோடியத்தை வெளியேற்றும் மருந்து. அப்படியிருக்க இந்த எண்ணை எப்படி நம்புவது? பாடப்புத்தகம் இரண்டு புரட்டினேன், சீனியரிடமும் கேட்டேன், தெளிவாகவில்லை. சிறுநீரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த ரிப்போர்ட்டும் இல்லை.

"தண்ணி நிறையக் குடுக்கலாமாத்தா?" என்று அவர் மனைவி என்னிடம் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் சிஸ்டரைக் கூப்பிட்டேன். அது மனசை விட்டுப் போகவே இல்லை.

ஃபுரோசமைடு கொடுத்த பிறகு, ரத்த ஓட்டக் குறைவா குழாய்ச் சிதைவா என்று பிரித்தறிய எந்தப் பரிசோதனையைப் பார்க்க வேண்டும்?