ஐகன் மதிப்பு 0 ஆகலாம், ஐகன் வெக்டர் மட்டும் ஏன் பூஜ்யமாகக் கூடாது?

கேள்வி: ஒரு அணியால் (matrix) பெருக்கும்போது தன்னுடைய ஒரு மடங்காகவே திரும்பி வரும் வெக்டர்தான் ஐகன் வெக்டர், அந்த மடங்குதான் ஐகன் மதிப்பு. வெக்டர் பூஜ்யமாகக் கூடாது என்பது வரையறையிலேயே இருக்கிறது. காரணம் யாராவது சொல்லுங்களேன்.

பதில்: பூஜ்ய வெக்டரை எந்த அணியால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அதை அனுமதித்தால் 5, 17 என எல்லா எண்ணும் ஐகன் மதிப்பாகிவிடும். என் மாணவர்களை நான் முதலில் கையால் போடச் சொல்வது (2, 1), (1, 2) என்ற வரிசைகளுள்ள அணி. (1, 0) கொடுத்தால் (2, 1): திசை மாறிவிட்டது. (1, 1) கொடுத்தால் (3, 3): திசை அதேதான், நீளம் மும்மடங்கு. ஆக மதிப்பு 3. இதைப் பார்க்காமல் ஐகன் மதிப்பு காணும் சமன்பாட்டுக்கு நேரே தாவுவது எனக்குப் பிடிப்பதில்லை.

கேட்டவர்: அப்போ மதிப்பு 0 என்றால் என்ன சார்?

பதில்: எல்லா உறுப்பும் 1 ஆன 2×2 அணியில் (1, −1) போடுங்க. (0, 0) வரும். பூஜ்யமல்லாத வெக்டர் ஒன்று நசுங்கிப்போகிறது. அந்த அணிக்கு நேர்மாறு (பெருக்கியதைப் பழையபடி திருப்பித் தரும் அணி) கிடையாது.

இன்னொருவர்: சதுர அணிக்கு (வரிசையும் நிரலும் சம எண்ணிக்கையில் உள்ளது) மட்டும்தான் இதெல்லாம், அதையும் சேர்த்துக்குங்க.