ஒப்பந்தம் முடிந்தபின் நடந்த இடமாற்றத்துக்கு முகவர் கமிஷன் கேட்கலாமா?

கேள்வி

என் உறவினரான கால்பந்து வீரர் ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முகவரைத் தம் பிரதிநிதியாக அமர்த்தியிருந்தார். அந்தக் காலத்தில் முகவர் ஒரு கிளப்புடன் இருமுறை பேசியதும் சம்பளம் குறித்துச் சில மின்னஞ்சல்கள் அனுப்பியதும் உண்மைதான். ஆனால் பேச்சு முறிந்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்து ஐந்து வாரங்கள் கழிந்தபின் அதே கிளப்பின் பயிற்சியாளர் வீரரை நேரில் அழைத்துப் பேச, அவரும் கையெழுத்திட்டார். இப்போது சம்பளத்தில் 10 விழுக்காடு தமக்குச் சேர வேண்டும் என்று முகவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஃபிஃபா 3 விழுக்காடு என்று வரம்பு வைத்திருப்பதைக் காட்டி இதை மறுக்கலாமா?

பதில் 1

அந்த வரம்பை நம்பிப் பதில் எழுத வேண்டாம். 2015 விதிகளில் இருந்த 3 விழுக்காடு வெறும் பரிந்துரைதான். 2023இல் நடைமுறைக்கு வந்த விதிகள், வீரருக்காகச் செயல்படும் முகவருக்கு, ஆண்டுச் சம்பளத்தில் 2,00,000 டாலர் வரை 5 விழுக்காடும் அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 3 விழுக்காடும் என்று கட்டாய வரம்பு வைத்தன. லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் 2023 ஜூலையில் அதை ஏற்றது. ஆனால் அதற்கு முன்பே, மே மாதத்தில், ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்திருந்தது. நவம்பரில் இங்கிலாந்தின் நடுவர் தீர்ப்பாயமும் அந்த வரம்பு போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்றது. கடைசியில் டிசம்பர் 30 அன்று ஃபிஃபாவே அதை உலகெங்கும் நிறுத்திவைத்தது.

பதில் 2

விழுக்காட்டை விடுங்கள், கமிஷனே உண்டா என்பதல்லவா முதல் கேள்வி? இவ்வகை வழக்குகளில் நடுவர்கள் வழக்கமாகப் பார்ப்பது, கையெழுத்தான ஒப்பந்தம் முகவரின் உழைப்பால்தான் விளைந்ததா என்பதையே. அறிமுகம் செய்துவைத்தது மட்டும் பெரும்பாலும் போதாது. முறிந்த பேச்சில் முகவர் முன்வைத்த சம்பளமும் போனஸும் அப்படியே புதிய ஒப்பந்தத்தில் இருந்தால் அவர் பக்கம் வலுக்கும். பயிற்சியாளர் புதிதாகத் தொடங்கி வேறு தொகையில் முடித்திருந்தால் உங்கள் பக்கம் வலுக்கும். ஆகவே அந்த மின்னஞ்சல்களையும் இறுதி ஒப்பந்தத்தையும் அருகருகே வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். முகவர் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களையும் மறக்க வேண்டாம்: காலம் முடிந்தபின் இத்தனை மாதங்களுக்குள் அதே கிளப்பில் சேர்ந்தாலும் கமிஷன் உண்டு என்ற ஷரத்து பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். எந்த நாட்டுச் சட்டம், எந்த மன்றம் என்பதும் அங்கேயே எழுதியிருக்கும்.

கேட்டவர்

அப்படியொரு ஷரத்து இருக்கிறது, ஆறு மாதம் என்று. ஆனால் மின்னஞ்சல்களைப் புரட்டியபோது வேறொன்று கண்ணில் பட்டது: பதிவுச் செலவு என்ற பெயரில் முகவர் கிளப்பிடம் தமக்கென்று தனித் தொகை கேட்டிருக்கிறார். வீரருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது.

பதில் 3

அப்படியானால் வழக்கின் முகமே மாறுகிறது. கெல்வின் ஜாக் என்ற டிரினிடாட் கோல்கீப்பரை டண்டீ யுனைடெட் என்ற ஸ்காட்லாந்து கிளப்பில் சேர்த்துவிட்ட முகவர் நிறுவனம், சம்பளத்தில் 10 விழுக்காடு பெற்றுக்கொண்டே, பணி அனுமதி வாங்கித் தந்ததற்காக என்று கிளப்பிடமும் 3,000 பவுண்டு ரகசியமாக வாங்கியது. அந்த வேலையின் நியாயமான மதிப்போ சுமார் 750 பவுண்டுதான். விஷயம் தெரிந்ததும் ஜாக் கமிஷன் கொடுப்பதை நிறுத்தினார். நிறுவனம் அவர்மீது வழக்குத் தொடுத்தது. 2009இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், மீதிக் கமிஷன் கிடையாது என்றதோடு, ஏற்கெனவே வாங்கிய கமிஷனையும் அந்த 3,000 பவுண்டையும் ஜாக்கிடம் கொடுக்கச் சொன்னது. தம்மை நம்பியவருக்குத் தெரியாமல் மறுதரப்பிடம் கைநீட்டிய முகவர் கூலிக்கு உரிமை இழக்கிறார் என்பதே அதன் சாரம்.

ஆனால் அது ஆங்கிலேயச் சட்டம். உங்கள் ஒப்பந்தம் வேறு நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டதா என்று பாருங்கள். முகவர் கேட்டது மட்டும்தானா, கிளப் கொடுத்ததா என்பதையும் கிளப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை நோட்டீஸுக்குச் சுருக்கமாக மறுப்பு மட்டும் அனுப்பினால் போதும். பேச்சு நடந்ததா இல்லையா என்ற விவரத்துக்குள் இப்போதே போக வேண்டாம்.