புதுப்பிப்பு: மீண்டும் சேணத்தில் ஏறிவிட்டேன்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நீண்ட குளிர்காலத்துக்குப் பிறகு உடற்பயிற்சிக்கும் குதிரையேற்றத்துக்கும் மனமே வரவில்லை, என்ன செய்யலாம் என்று மார்ச் தொடக்கத்தில் உங்களிடம் யோசனை கேட்டு எழுதியிருந்தேன். இப்போது நிலைமை மாறிவிட்டது.

"உனக்காக வேண்டாம், குதிரைக்காகச் செய்" என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. மாதக்கணக்கில் சும்மா நின்ற குதிரைக்கும் உடல் தளர்ந்திருக்கும். இதயமும் மூச்சும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாண்களும் எலும்பும் வலுப்பெற இன்னும் நெடுநாள் ஆகும். அதனால் முதலில் வெறும் நடைதான். பெரும்பாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் பக்கத்திலேயே நடந்தேன். என் கால்களுக்கும் அதுவே பயிற்சியாகிவிட்டது!

பயிற்சி முடிந்ததும் குதிரையின் இதயத்துடிப்பை எண்ணுகிறேன். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். பயிற்சிக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடத்தில் 60-க்குக் கீழே இறங்கினால் மனம் நிறைந்துவிடுகிறது. அந்த எண்ணைப் பார்க்கும் ஆவலே என்னை லாயத்துக்கு இழுக்கிறது.

முதுகுத் தசை வற்றியிருந்ததால் சேணம் பொருந்தவில்லை; ஆளை வரவழைத்துச் சரிசெய்தோம். நீங்களும் ஏறும் முன் கட்டாயம் பாருங்கள். இங்கே மார்ச்சில் கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியதில் மாலை வெளிச்சமும் கிடைத்தது. மெல்லோட்டம் வரை வந்துவிட்டோம். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.