நம்ம குடும்பம்: மாமாவின் எண்டோஸ்கோபி ரிப்போர்ட்

முருகன் மாமா: ரிப்போர்ட் வந்துவிட்டது. 'எச். பைலோரி பாசிட்டிவ்'. 14 நாளைக்குக் காலையும் ராத்திரியும் கை நிறைய மாத்திரை.

கோமதி அத்தை: அது கேன்சர் கிருமி என்று யூடியூபில் சொல்கிறார்களே! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

செல்வி: பதறாதீங்க அத்தை. உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் வயிற்றில் அது இருக்கிறது. கேன்சர் வரை போவது நூற்றில் ஒன்றிரண்டு, மிஞ்சினால் மூன்று.

பாபு: அப்புறம் எதற்கு இத்தனை மாத்திரை? காரத்தையும் டென்ஷனையும் குறைத்தால் போதாதா அக்கா?

செல்வி: டாக்டர்களும் ரொம்ப காலம் அல்சருக்கு அதைத்தான் சொன்னார்கள். அல்சருக்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்று சொன்னதை யாரும் நம்பாததால், ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற டாக்டர் 1984-இல் கிருமியைக் கலக்கித் தானே குடித்தார். சில நாளில் வாந்தி. எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி. அவருக்கும் கூட ஆய்வு செய்த ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல்.

கோமதி அத்தை: அவர் பெண்டாட்டி சும்மாவா விட்டாள்?

செல்வி: முன்கூட்டிச் சொன்னால்தானே! 😄

பாபு: சரி, கேன்சர் எப்படி?

செல்வி: பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொற்றிவிடும். வருஷக்கணக்கில் இரைப்பையின் உள்சவ்வு புண்ணாகி, மெலிந்து, அங்கே குடலில் இருப்பது மாதிரி செல் முளைக்கும். சிலருக்கு அது கேன்சராகும். 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் கேன்சர் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியை, கேன்சர் உண்டாக்குபவற்றின் பட்டியலில் சிகரெட் புகை இருக்கிற முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. மாமா, பயாப்சியில் 'மெட்டாபிளேசியா', அதாவது அந்தக் குடல் மாதிரி செல், என்று இருக்கிறதா?

முருகன் மாமா: இல்லை. 'குரோனிக் கேஸ்ட்ரைட்டிஸ்' மட்டும், நாள்பட்ட இரைப்பை அழற்சியாம்.

செல்வி: நல்லது. வாய் கசந்தாலும் பாதியில் நிறுத்தாதீங்க. மிஞ்சுகிற கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம்.

கோமதி அத்தை: உங்க தாத்தா இரைப்பைக் கேன்சரில்தானே போனார்...

செல்வி: அதனால்தான் அம்மாவும் டெஸ்ட் எடுக்கணும். கேன்சர் வந்தவர்களின் பிள்ளைகள், கூடப்பிறந்தவர்களை வைத்துக் கொரியாவில் ஆய்வு செய்தார்கள். கிருமி ஒழிந்தவர்களிடம் ஆபத்து பாதிக்கும் கீழே இறங்கியது.

பாபு: அம்மா தினமும் அசிடிட்டிக்குப் பேண்டோபிரசோல் மாத்திரை போடுகிறார்களே?

செல்வி: மூச்சை ஊதிக் கிருமியைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் என்றால் அந்த மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தணும். இல்லாவிட்டால் கிருமி இருந்தாலும் காட்டாது. டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்தச் சொல். மாமாவுக்கும் கோர்ஸ் முடிந்து ஒரு மாசம் கழித்து அதே டெஸ்ட்.

முருகன் மாமா: அப்போ தங்கச்சியை அன்றைக்கே என்னோடு அனுப்பு பாபு. ஒரே ஆட்டோவில் போய்விடுகிறோம்.