லண்டன் – நியூயார்க்: கணக்கு போட்டால் 6 மணி, டிக்கெட்டில் 8 மணி?

கேள்வி: லண்டன் ஹீத்ரூவிலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் வரை வான்வழித் தூரம் சுமார் 5,540 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 6 மணி 9 நிமிடம் வருகிறது. டிக்கெட்டில் போக சுமார் 8 மணி, திரும்ப 7 மணி என்று போட்டிருக்கிறார்களே, எங்கே இடிக்கிறது?

பதில் 1: காற்றை விட்டுவிட்டீர்கள். 900 என்பது காற்றைப் பொறுத்த வேகம், தரையைப் பொறுத்தது அல்ல. வட அட்லாண்டிக்கில் சுமார் 10 கி.மீ. உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. சராசரியாக மணிக்கு 100 கி.மீ. எதிர்காற்று என்றால் தரைவேகம் 800, அதாவது 6 மணி 55 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 1,000, வெறும் 5 மணி 32 நிமிடம். குளிர்காலத்தில் வித்தியாசம் இன்னும் கூடும்.

பதில் 2: டிக்கெட் நேரம் பறக்கும் நேரமே அல்ல. விமானம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வாயிலுக்கு வந்து நிற்பது வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்வது, வரிசையில் காத்திருப்பது, தாமதத்துக்கென்று முன்கூட்டியே சேர்த்துவைக்கும் நிமிடங்கள் எல்லாம் அதில் அடக்கம்.

பதில் 3: தூரத்தை நீங்களே போடுவதானால் ஹேவர்சைன் சூத்திரம் (இரு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துத் தூரம் காணும் வழி) போதும், பூமியின் ஆரம் 6,371 கி.மீ. பாகையை (டிகிரி) ரேடியன் என்ற கோண அலகுக்கு மாற்ற மறந்தால் விடை கண்டபடி வரும். மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் போடணும்.

கேட்டவர்: காலை 10-க்குக் கிளம்பி மதியம் 1-க்கு இறங்குவது எப்படி?

பதில் 2: இரண்டும் உள்ளூர் நேரம். அந்த 3 மணியோடு 5 மணி நேர வித்தியாசத்தைக் கூட்டுங்கள். மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் கவனம்: கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் கோடை நேரத்துக்கு அமெரிக்கா பிரிட்டனைவிட முன்னதாகவே மாறி, தாமதமாகவே விலகுவதால் மார்ச்சில் சில வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் வித்தியாசம் 4 மணிதான்.