தேக்கு ஸ்டூல்: கழுந்து எவ்வளவு, துளை எவ்வளவு?

பூவரசு:
ஆணி அடிக்காமல், கழுந்தும் (சட்டத்தின் நுனியில் செதுக்கும் நாக்கு) அது நுழையும் துளையுமாக ஒரு ஸ்டூல் கையாலேயே செய்யப் போகிறேன். தேக்குக் கால் 40 × 40 மி.மீ., கால்களை இணைக்கும் சட்டம் 60 × 22. கையில் 12 மி.மீ. உளி, கொட்டாப்புளி (மரச்சுத்தி), ரம்பம், மூலமட்டம், இழைப்புளி இருக்கின்றன. கழுந்தின் கனம், நீளம் எவ்வளவு? ஒரே காலுக்குள் இரண்டு சட்டம் சந்திக்கும் இடத்தில் என்ன செய்வது?

உளிமுனை:
கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுக்கணக்கு. ஆனால் துளையின் அகலத்தை உளிதான் முடிவு செய்யும். கழுந்தையும் 12 ஆகவே எடுங்கள். இரு பக்கமும் 5 மி.மீ. தோள் (காலில் முட்டி நிற்கும் படி) நிற்கும், போதும்.

சட்டத்தைக் காலின் நடுவில் வைக்காதீர்கள், கழுந்து 25-க்கு மேல் போகாது. வெளிமுகத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே தள்ளி வைத்தால் 30 கிடைக்கும். சந்திக்கும் இரண்டு நுனியையும் 45 டிகிரியில் சாய்த்து வெட்டுங்கள். துளை 2 மி.மீ. கூடுதல் ஆழம் இருக்கட்டும், மிஞ்சும் பசைக்கு இடம் வேண்டும்.

காலின் தலைப்பக்கம் 25 மி.மீ. நீளம் கூடுதலாக விட்டு, கோத்து முடித்தபின் அறுங்கள். இந்தக் கூடுதல் இல்லாவிட்டால் துளை போடும்போதே தலை பிளக்கக்கூடும். உளியின் வாய் எப்போதும் மர ரேகைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நடுவில் தொடங்கி 3 மி.மீ. நகர்த்தி நகர்த்தி அடியுங்கள். இரு கடைசி ஓரத்தையும் முடிவில்தான் சீவ வேண்டும், முன்பே சீவினால் நெம்பும்போது விளிம்பு நசுங்கும்.

பூவரசு:
நன்றி அண்ணே. உளி சீக்கிரம் மழுங்குகிறதே?

உளிமுனை:
தேக்கில் மணல்சத்து உண்டு, அப்படித்தான் ஆகும். 25 டிகிரியில் சாணை பிடித்து, நுனியை மட்டும் எண்ணெய்க்கல்லில் 30-க்கு ஏற்றுங்கள். இரண்டு துளைக்கு ஒருமுறை கல்லைத் தொடுவது நல்லது.

சீவல்:
தோள் கோட்டைப் பென்சிலால் போடாமல் கத்தியால் கீறுங்கள், ரம்பத்தைக் கோட்டுக்கு வெளியே, கழிக்கும் பக்கமாக ஓட்டுங்கள். கழுந்து பாதிவரை கைத்தள்ளலில் போக வேண்டும். மீதி கொட்டாப்புளியின் லேசான தட்டில். பலமாக அடித்தால்தான் இறங்குகிறது என்றால் கால் பிளக்கும். தொளதொளவென்று விழுந்தால் பசையை நம்பாதீர்கள். கழுந்தின் கன்னத்தில் (அகலமான பக்கத்தில்) மெல்லிய தேக்குச் சீவலை ஒட்டி மறுபடி இழையுங்கள். தோள் காலோடு மயிரிழை இடைவெளியும் இல்லாமல் போய் உட்காரும் அந்த நொடிக்காகவே இவ்வளவு பாடும் படலாம். எந்த மிஷினும் இந்த நிறைவைக் கொடுக்காது.

மரக்கடைத் தம்பி:
தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. ஒட்டுவதற்குச் சற்று முன்னால் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, அது காய்ந்ததும் ஃபெவிகால் தடவுங்கள். கிளாம்ப் போட்டவுடன் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து சமமா என்று பாருங்கள், இறுகியபின் திருத்த முடியாது. 24 மணி நேரம் அசைக்க வேண்டாம்.

மேற்பலகையை மட்டும் ஒட்டாதீர்கள். 300 மி.மீ. அகலப் பலகை மழைக்கும் கோடைக்கும் ஒன்றிரண்டு மி.மீ. விரிந்து சுருங்கும், ஒட்டினால் நடுவில் வெடிக்கும். சட்டத்தில் பலகையின் அகலவாக்கில் நீள்துளை போட்டு, அடியிலிருந்து ஸ்க்ரூ முடுக்குங்கள்.